ஆண்டுக்கொருமுறை அழைத்த நசீமா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பள்ளி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு நசீமாவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆண்டு இறுதிச் சந்திப்புக்கு இப்போதே ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, திறக்காமல் பல் துலக்கப் போய்விட்டேன். அரைமணி நேரம் கழித்துத்தான் படித்தேன். எழுதியவர் அவருடைய கணவர் காதர் அண்ணன். நசீமா அதிகாலையில் மாரடைப்பால் வஃபாத்தாகிவிட்டார், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று இரண்டே வரிகள். அவருக்கும் எனக்கும் ஒரே வயது, ஐம்பத்திரண்டு.

உயர்நிலைப் பள்ளியில் எங்கள் வகுப்பில் தமிழ் படித்தவர்கள் பதினான்கு பேர். தாய்மொழிப் பாட நேரம் வந்தால் சீனம் படித்த மற்றவர்கள் அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கேண்டீன் பக்கத்து அறைக்குப் போக வேண்டும். அந்த ஊர்வலத்துக்குத் தலைமை நசீமாதான். யாரும் அவரை நியமிக்கவில்லை. படிக்கட்டில் நின்று தலைகளை எண்ணுவார். ஒரு தலை குறைந்தால் கழிப்பறை வரை போய்த் தேடுவார். பெரும்பாலும் குறைவது என் தலைதான். வாய்மொழித் தேர்வன்று நான் பயந்துபோய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டபோது, கதவுக்கு வெளியே நின்று, "நீ பேசலன்னா பரவால்லடி, உள்ள போயி உட்காரு, அது போதும்" என்றார். போய் உட்கார்ந்தேன். எப்படியோ பேசியும்விட்டேன்.

பள்ளி முடிந்ததும் ஆளுக்கொரு திசை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்க எண் சீட்டோடு காத்திருந்தேன். முகப்பில் வேலை பார்த்த நசீமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாந்திதானே? மருந்து வாங்கிட்டு ஓடிடாத லா, எனக்குப் பன்னெண்டரைக்கு லஞ்ச்" என்றார். அந்த மதியம் என் மணவிலக்குக் கதை முழுவதையும் கேட்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எழும்போது என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். ஓராண்டுக்குள் பதினான்கு பேரையும் கண்டுபிடித்துவிட்டார்.

அப்போதிருந்து ஒவ்வோர் ஆண்டும் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கும் உணவகத்தில் பெரிய வட்டமேசை ஒன்றைச் சொல்லி வைப்பார். முதல் ஆண்டு பதினொரு பேர் வந்தோம். பிறகு எட்டு, பிறகு ஐந்து. குழுவில் போட்டுவிட்டு அவர் சும்மா இருக்கமாட்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைப்பார். "குரூப்புல போட்டா தம்ஸ் அப் போட்டுட்டுப் போயிடுவீங்க. குரல கேட்டாதான் பொய் சொல்லக் கூச்சமா இருக்கும்" என்பார்.

எனக்குக் கூச்சமாக இருக்கவில்லை. போன ஆண்டு வருகிறேன் என்று சொன்னேன். அன்று சேலை கட்டி, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்தேன். அங்கே பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள், புது வீட்டைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கென்ன, ஃப்ரீயா இருக்கே" என்பார்கள். என் வீட்டிலிருந்து அந்த உணவகத்துக்குப் பத்து நிமிட நடை. காய்ச்சல் என்று நசீமாவுக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தேன். ஒன்பது மணிவாக்கில் குழுவில் நசீமாவிடமிருந்து ஒரு பிரியாணித் தட்டின் படம் வந்தது. "வயிறும் நிறைஞ்சது, மனசும் நிறைஞ்சது" என்று எழுதியிருந்தார். ஆளாளுக்கு இதயம் போட்டார்கள். நானும் போட்டேன். நான் இல்லாமலே எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை அரித்தது.

செவ்வாயன்று ஆங் மோ கியோவில் அவர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எங்கள் வகுப்பிலிருந்து மூன்றே பேர்: லதா, மணிவண்ணன், நான். மற்றவர்கள் குழுவில் கைகூப்பியிருந்தார்கள். காதர் அண்ணன் எங்களிடம் வந்து, "போன வருஷம் நீங்கள்லாம் வந்ததுல அவளுக்கு ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

"ஆமாண்ணே, நேரம் போனதே தெரியல" என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அவர் நகர்ந்ததும் லதாவிடம், "நான் அன்னைக்கு வரலடி. என்னதான் பேசுனீங்க?" என்று கேட்டேன்.

லதாவின் முகம் மாறியது. "நானும் போகல. மகனுக்கு யூனிவர்சிட்டி எக்ஸாம்னு அவகிட்ட சொல்லிட்டேன். மணி போயிருப்பாருன்னு நெனச்சேன்."

"எனக்கு ஷிஃப்ட் மாறிடுச்சுன்னு மெசேஜ் பண்ணேன்" என்றார் மணிவண்ணன். அங்கேயே நின்றபடி, குழுவில் வருவதாகச் சொல்லியிருந்த மற்ற மூவரையும் அழைத்துக் கேட்டோம். யாருமே போகவில்லை. ஆளுக்கொரு காரணத்தை அவருக்கு மட்டும் தனியாக அனுப்பிவிட்டு, மற்றவர்கள் போயிருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

நான்கு நாள் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. சனிக்கிழமை காதர் அண்ணனைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "அண்ணே, போன வருஷம் நாங்க யாரும் வரல. உங்ககிட்ட நான் சொன்னது பொய்."

அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "தெரியும்மா. எட்டு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணா, சாப்பாடு வீணாப் போகுது, நீங்களாச்சும் வாங்கன்னு. டாக்ஸி புடிச்சுப் போனேன். கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் தட்டை போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டா."

"ஏன்ணே அப்படிப் போட்டா?"

"நானும் அதத்தான் கேட்டேன். அதுக்கு அவ சொன்னா: ஒருத்தரும் வரலன்னு தெரிஞ்சா வெட்கத்துல அடுத்த வருஷம் ஃபோனே எடுக்க மாட்டாங்க. எல்லாரும் வந்தாங்க, நாமதான் விட்டுட்டோம்னு நெனச்சா கட்டாயம் வருவாங்க. நீங்களும் யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கன்னா. அதான் அன்னைக்கும் சொன்னேன்."

அந்த இரவு தாம் எடுத்த இன்னொரு படத்தைக் காட்டினார். பெரிய வட்டமேசை. இரண்டு பக்கமும் ஆளில்லை. நடுவில் நசீமா, அழுது சிவந்த கண்ணோடு, கேமராவைப் பார்த்து, "போதும், எடுக்காதீங்க" என்பது போல ஒரு கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

போய் வா, நசீமா. நீ போட்ட கணக்கு தப்பவில்லை. இந்த ஆண்டு எப்படியும் வந்துவிடுவது என்றுதான் நான் இருந்தேன்.