புனிதர் குடித்த பேணி

எங்கள் வீட்டுப் பெருமை முழுவதும் ஒரு பித்தளை மூக்குப்பேணிக்குள் அடங்கிவிடும். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஆண்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருமார் தலைகாட்ட முடியாது. அப்போது கூலியாள் வேடத்தில் வந்து, மறைவாகப் பூசை வைத்துத் திரிந்த ஒருவர் பின்னாளில் புனிதரானார். எங்கள் நாற்சார் வீட்டின் வடக்கு அறையில் அவர் தங்கினார், இந்தப் பேணியில் தண்ணீர் குடித்தார் என்பது பரம்பரைக் கதை. எழுத்தில் ஆதாரம் எதுவும் கிடையாது. அப்பா போனபின் அறைச் சாவியும் கதையும் என் கைக்கு வந்தன. ஆசிரியையாக இருந்தவள் அல்லவா, கதையை நன்றாகவே சொல்வேன்.

புனிதரின் திருநாளன்று அறையைத் திறந்துவிடுவோம். இம்முறை சுன்னாகத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில், எங்கள் வளவு கூட்டுகிற பெண் தன் மகளோடு நின்றாள். என்னைவிட மூத்தவள். இருபது வருடமாக வருகிறாள். வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

நான் பேணியைத் தூக்கிக் காட்டினேன். "கூலிக்காரனாய் வந்தவரை எங்கடை ஆக்கள் உள்ளுக்குக் கூப்பிட்டு, தாங்கள் குடிக்கிற பேணியிலையே தண்ணி குடுத்தவை."

"ரீச்சர்," என்றாள் மகள். குரலில் குத்தல் இல்லை, அறியத்தான் கேட்டாள். "அவர் சாமியார் எண்டு தெரிஞ்சாப் பிறகோ குடுத்தவை, தெரிய முதலோ?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. கூலியாள் என்று மட்டும் நினைத்திருந்தால், என் முன்னோர் அவரைக் கிணற்றடியோடு நிறுத்தி, கையை ஏந்தச் சொல்லித்தான் தண்ணீர் வார்த்திருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரிய முதல்தான்," என்றேன். நாக்குக் கூசவில்லை.

மகள் வாயெடுக்க, தாய் அவள் கையைப் பிடித்தாள். "ஓம் பிள்ளை, முதல்தான் குடுத்திருப்பினம். ரீச்சராக்கள் நல்ல ஆக்கள்."

என் மானத்தை அவள் காப்பாற்றித் தந்தாள். நினைத்தால் இப்போதும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

பிறகு முற்றத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி. தட்டு நிறையப் பீங்கான் கோப்பைகள். கேத்தல் என் கையில். இன்றைக்கு அவளுக்கும் கோப்பையில்தான் கொடுப்பது என்று மனதுக்குள் பெரிய தீர்மானம் வேறு. அவளோ கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அங்கே மதில் ஆணியில் அவளுக்கென்று ஒரு தகரப்பேணி தொங்கும். அந்த ஆணியை அடித்தவள் நான்தான். பேணியைக் கழுவி எடுத்துவந்து, வழக்கம்போல இரண்டு கையாலும் நீட்டினாள். மகள் பேணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோப்பையிலை குடியுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இவ்வளவு காலமும் அவளுக்கு எதில் கொடுத்தேன் என்பது வந்திருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிடும். தட்டில் கோப்பைகள் மிச்சமிருந்தன. நான் அவளுடைய பேணியில் ஊற்றினேன்.