அடி விழும் பக்கம்

கேமராவுக்கு முன்னால் நான் பலவிதமாகச் செத்திருக்கிறேன். கிணற்றில், லாரிச் சக்கரத்தில், மண்ணெண்ணெயில், மருமகள் தள்ளிவிட்ட மாடிப்படியில். சாகாத படங்களில் அடி வாங்கினேன். பெயரே வைக்காத குடிகாரன் பெண்டாட்டியாக அறை, உதை, கொண்டையைப் பிடித்து வாசல்வரை இழுப்பு. ஒரு படத்தில் கதை தொடங்குமுன்பே என்னைக் கொன்றுவிட்டார்கள். சுவரில் மாலை போட்ட போட்டோவாக மட்டும் நடித்தேன். உடம்பு நோகாமல் கிடைத்த வேஷம் அது ஒன்றுதான்.

ஏற்றம் என்றும் ஒன்று இருந்தது. மத்தியானச் சீரியலில் புருஷனிடமும் மாமியாரிடமும் மாறி மாறி மிதிபட்ட காலம். ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்கள். என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கன்னத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் குடியிருக்கும் மாடியின் சொந்தக்காரி, கீழ்வீட்டு மாமி, சேவிக்கப் போகிற வழியில் அண்ணாந்து, "ஏண்டிம்மா, தினம் இப்படி அடி வாங்கிண்டே இருக்கியே, பெருமாள் பார்த்துண்டா இருக்கார்?" என்பாள். பெருமாள் இல்லை மாமி, டைரக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பேன். பிறகு சீரியலில் எனக்குத் தீ வைத்தார்கள். பஸ்ஸில் மறுபடி நின்றுகொண்டு போனேன்.

சினிமா அடி என்பது காற்று. கை கன்னத்தை ஒட்டி வீசிக்கொண்டு போகும். அந்த நொடியில் நாம் முகத்தைத் திருப்ப வேண்டும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். டைமிங் என்பார்கள். பெரிய நடிகைகளுக்குக் கை காற்றோடு போய்விடும். எங்களைப் போன்றவர்களுக்கு, முதல் டேக் சரியாக வராவிட்டால், மானிட்டர் பக்கமிருந்து ஒரு குரல் வரும்: லேசா படட்டும். அந்த லேசுக்கு எந்தத் தராசும் கிடையாது. சென்னையிலும் காரைக்குடியிலும் பொள்ளாச்சியிலும் லேசாகப் பட்டுப் பட்டு, என் இடது காதுக்குள் ஓர் ஆறு ஓட ஆரம்பித்தது.

தில்லைநகரில் காது டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்தார். செவிப்பறை கிழிந்து, ஆறி, ஆறின இடத்திலேயே மறுபடி கிழிந்திருக்கிறதாம். இன்னொரு அடி பட்டால் அந்தக் காது அவ்வளவுதான் என்றார். யார் அடித்தது என்று கேட்டபோது அவர் பார்வை என்னைத் தாண்டிக் கதவருகே போனது. அங்கே என் வீட்டுக்காரர், பொன்மலை ஒர்க்ஷாப்பில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டில் தம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறவர், திருடன் மாதிரி வெலவெலத்து நின்றார். நான் சிரித்துக்கொண்டே சினிமா என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"சினிமாவுல இல்லாதவங்கதாங்க இங்க நிறைய வராங்க. எல்லாருக்கும் இடது காது."

ஏன் இடது என்று கேட்டேன். தன் வலது கையை என் முகத்தை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தார். என் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது. அவ்வளவு பழக்கம்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். கம்பியைப் பிடித்த கை, டிக்கெட் கிழிக்கிற கை, பிள்ளையின் வாயைத் துடைக்கிற கை. எல்லாம் வலது. எதிரே நிற்கிறவனின் வலது எப்போதும் நமது இடதில் வந்து விழுகிறது. காவிரிப் பாலத்தில் காற்று அறைந்தது. அதுகூட இடது பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் வந்தது.

போதும், விட்டுவிடு என்றார் வீட்டுக்காரர். வீட்டில் நான் ஒரு தடவை கை ஓங்கியதில்லை, ஊரில் எவனெவனோ ஓங்குகிறான் என்று சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார். எனக்கு விடத் தெரியவில்லை. ரோலிங் என்ற சொல் கேட்டதும் எலும்புக்குள் விளக்கு எரியும். அந்த விளக்கும் வேண்டும், இந்தக் காதும் வேண்டும்.

அப்போதுதான் பொன்மலையிலேயே ஒரு வேஷம் வந்தது. கதாநாயகனின் அம்மா. இடைவேளைக்கு முன் தூக்கில் தொங்குகிறவள். பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்திருந்தார்கள். எனக்குப் புருஷன் வேஷம் போட்டவன் நடிப்புப் பட்டறையில் பயின்ற பையன், என்னைவிட ரொம்ப இளையவன். கிருதாவில் வெள்ளைச் சாயம் தடவி எனக்கு ஜோடி சேர்த்திருந்தார்கள். டைரக்டரிடம் காதைப் பற்றிச் சொன்னேன். கையில் பட்டாலும் காலில் பட்டாலும் வாங்கிக்கொள்கிறேன், இடது பக்கம் மட்டும் வேண்டாம், இடது கையால் வலது கன்னத்தில் அடிக்கட்டும் என்றேன்.

"இடது கையால அடிச்சா ஃபீல் வராதும்மா. டைமிங்லயே எடுத்துக்கலாம், உங்க மேல படாது. நான் இருக்கேன்ல?"

பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா என்றான். பண்ணினேன். முதல் டேக், கை காற்றில் போனது. நான் திரும்பினேன், விழுந்தேன், அம்மியில் தோள் இடித்தது. நன்றாகத்தான் இருந்தது. டைரக்டர் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பையனைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னார். திரும்பி வந்தவன் மறுபடி என் காலைத் தொட்டான். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே காட்சிக்கு யாரும் இரண்டு தடவை கும்பிட மாட்டார்கள்.

அறை விழுந்தது. காதுக்குள் பழுத்த கம்பி ஒன்று இறங்கியது. பிறகு காவிரிப் பாலத்தின்மேல் ரயில் ஏறியது. ஏறியது, இறங்கவில்லை. விட்டம், அடுப்பு, பையனின் திறந்த வாய் எல்லாம் சத்தமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. என் கை எழுந்ததை நான் பார்க்கவில்லை. அவன் கன்னத்திலிருந்து திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். விரல்களில் வெள்ளைச் சாயம். எனக்கும் வலக்கைதான்.

யாரும் கட் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. லைட்காரர் அசையாமல் நின்றார். பின்கட்டு வாசலில் வேடிக்கை பார்த்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, அடித்தது சரிதானா என்று கேட்பவன்போல டைரக்டரைப் பார்த்தான்.

டைரக்டர் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து, நோட்டைக் கிழித்த பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வலது காதில்தான் கேட்டேன்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நீங்களே திருப்பி அடிச்சிட்டா, அப்புறம் உங்க மகன் எதுக்கு?"

நியாயம்தான். நான் அடி வாங்கிச் சாக வேண்டும். அதைப் பார்த்து மகன் அரிவாள் எடுக்க வேண்டும். இடைவேளைக்குப் பிறகு தலைகள் உருள வேண்டும். என் ஒரு அறையில் அத்தனை தலைகளும் தப்பித்துவிடும். இன்னொரு டேக் கேட்டார்கள். நான் கிழிந்த சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு என் சேலையைக் கட்டிக்கொண்டு சாலைக்கு வந்தேன். யாரும் தடுக்கவில்லை. அவன் அடித்தவரை போதும், அது நன்றாக விழுந்திருக்கிறது என்று முடிவு செய்தார்களாம். தூக்குக்கு வேறொருத்தியின் கால்களைத் தொங்கவிட்டார்கள்.

காது போயிற்று. டாக்டரம்மா திட்டவில்லை, மருந்தும் எழுதவில்லை. அதன் பிறகு போனும் அடங்கிற்று. வேஷம் பிடித்துக் கொடுக்கிறவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "உங்களுக்குக் கை நீளுதாமேக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு அவரும் கூப்பிடவில்லை.

படம் வெளிவந்ததும் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் மேட்னிக்குப் போனேன். கூட்டம் அதிகமில்லை. என் வலது பக்கத்து நாற்காலியில் என் வயதுக்காரி ஒருத்தி, மடியில் பாப்கார்ன், காலடியில் காய்கறிப் பை. அந்தக் காட்சி வந்தது. பையனின் கை வந்தது, என் முகம் திரும்பியது. அதோடு கத்தரித்து, பொங்கி அடுப்பில் வழிகிற பாலைக் காட்டினார்கள். அடுத்து, அன்று காலையில் வேறு எதற்கோ எடுத்த என் அழுகை.

"மாடா இவ? ஒரு அறை திருப்பி விட்டா என்ன?" என்றாள் பக்கத்துக்காரி, திரையைப் பார்த்தபடி.

"விட்டேங்க. வெட்டிட்டாங்க."

திரும்பிப் பார்த்தாள். திரையில் என்னுடையதல்லாத கால்கள் தொங்கின. மகன் கத்தினான். அவன் அரிவாளைத் தீட்ட, திரை முழுக்கச் சிவந்து, அந்தச் சிவப்பில் அவள் என் முகத்தை அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா விழுந்துச்சாக்கா?"

"விழுந்துச்சுங்க."

"பளார்னா?"

எனக்குக் கேட்கவில்லை, அந்த நிமிஷம்தான் காது போனது என்றேன். அவள் பாப்கார்னை மடியிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் கைப்பிடிமேல் வைத்தாள். மகன் எனக்காக முதல் தலையை வெட்டினான். நாங்கள் சாப்பிட்டோம்.