மேடு ஏறாத வேன்

என் பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். வண்டியைக் கெடுத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்துப் பல்லிளிக்க எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணியிடம் மட்டும் என் வாய் கொஞ்சம் அடங்கும்.

அண்ணி ஓட்டுவது டீசல் வேன். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், திரும்ப வீட்டில் விடுகிற வேலை. முன்பு அதை ஓட்டியவர் அவருடைய கணவர். எங்கள் எல்லோருக்கும் அண்ணன். பார்வை மங்கத் தொடங்கியதும் சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தானே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்த லட்சணம் தெருவுக்கே கேட்டது. அதுவரை தையல் மெஷினைத் தவிர எதையும் மிதித்திராத அண்ணி, திட்டு வாங்கியே நல்ல டிரைவரானார்.

அண்ணனுக்கு வண்டியில் மிஞ்சியது ஒரே வேலை. ஞாயிற்றுக்கிழமை ஏர் ஃபில்டரைக் கழற்றி, தூசி தட்டி, எண்ணெய் தடவி மாட்டுவது. துணியால் ஆன ஃபில்டர் அது. லேசாக எண்ணெய் இருந்தால்தான் தூசியைப் பிடிக்கும். கண்ணுக்குப் பதில் விரலால் தொட்டுப் பார்த்துச் செய்வார். அன்று முழுக்க மனுஷன் முகம் தெளிந்திருக்கும் என்று அண்ணி சொல்வார்.

அந்த வேன்தான் பாலம் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. பாதி மேட்டில் முக்கி முனகி நின்றுவிட, உள்ளே இருந்த நோயாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இருவரும் சேர்ந்தே பட்டறைக்கு வந்தார்கள்.

ஸ்கேனரை மாட்டினேன். மிதிக்க மிதிக்க எஞ்சின் இரைந்தது. ஆனால் உள்ளே போகிற காற்றின் அளவு மட்டும் திரையில் ஏறுவேனா என்றது. குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், இல்லை. காற்றை அளக்கிற சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத்து மேட்டில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னேன். சென்சார் பேசாவிட்டால் எஞ்சின் தானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஓடிவிடும். தப்பாகப் பேசினால்தான் வம்பு. காற்றே வரவில்லை என்று நம்பி டீசலைக் குறைத்துவிடும்.

போன வேகத்தில் திரும்பினார்கள். "இப்ப இழுக்குது தம்பி. மூச்சு வந்துருச்சு," என்றார் அண்ணன்.

சென்சாரைக் கழற்றினேன். காற்றை உணரவேண்டிய, முடி கனத்தில் இருந்த கம்பியின் மேல் பிசுபிசுவென்று எண்ணெய். ஃபில்டர் பெட்டியின் அடியிலும் எண்ணெய். யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அண்ணனுக்குப் பின்னால் நின்ற அண்ணி, சொல்லாதே என்று தலையை ஆட்டினார்.

"என்ன தம்பி கோளாறு?"

"தூசிண்ணே." எனக்குப் பொய் வராது.

அண்ணன் கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது நான் ஊத்துற எண்ணெயாச்சே," என்றார். "ஆனா வாரா வாரம் ஃபில்டரைத் தொட்டா காஞ்சுல்ல கிடந்துச்சு? வண்டி குடிக்குதுன்னுல்ல கூட ஊத்துனேன்?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் துடைச்சேன். திங்கக்கிழமை வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி. எண்ணெய் சொட்டுதுன்னு சொன்னா, இந்த வேலையும் போச்சான்னு மூலையில உக்காந்துருவீங்க. நீங்க கூட ஊத்த ஊத்த, நானும் அழுத்தித் துடைச்சேன்."

மேலே துடைத்தால் ஆயிற்றா? மடிப்புக்குள் போனது அங்கேயே இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இப்படி ஒரு ஜோடியிடம் மாட்டிக்கொண்டால் எந்த வண்டிதான் மேடு ஏறும்?

சென்சாரை அதற்கென்று உள்ள ஸ்ப்ரே அடித்துக் கழுவி, உலரவிட்டு மாட்டினேன். திரையில் காற்று ஒழுங்காக ஏறியது. பிறகு அலமாரியிலிருந்து ஒரு காகித ஃபில்டரை எடுத்தேன். "இதுக்கு எண்ணெயே வேணாம். அழுக்கானா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கலாம்."

"நல்லது தம்பி," என்றார் அண்ணன். விரல்களைக் கந்தல் துணியில் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அண்ணி புது ஃபில்டரை வாங்கி என் கையிலேயே திருப்பி வைத்தார். "வேணாம் தம்பி. பழசையே கழுவிக் காயவச்சு மாட்டு."

"மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கணவரின் பக்கத்தில் போய் நின்றார். "ஞாயித்துக்கிழமை நீங்களே ஊத்துங்க. நான் கூடவே நிக்கிறேன். போதும்னா போதும்னு வாயைத் திறந்து சொல்லுவேன்."

"எனக்குக் கோவம் வருமே?"

"வரட்டும்," என்றார் அண்ணி. "வண்டி ஓட்டக் கத்துக்கிட்டப்ப நான் வாங்காத திட்டா?"