ஆயில் கூலருக்குச் சந்தனம்

எஞ்சினுக்குச் சக்தி கூட்டித் தரும் தொழிலில் முதலில் கூடுவது மெக்கானிக்கின் வாய்தான். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வண்டி இழுக்கவில்லை என்று வருகிறவர்களுக்கு எதை மாற்றலாம், எதைக் கூட்டலாம் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நீங்களும் ஸ்பேனர் பிடிக்கிறவர் என்றால், இதைப் படித்து ‘நாம் மட்டும் இல்லை’ என்று ஆறுதல் அடையலாம். வண்டியை எங்களிடம் விட்டுவிட்டுத் தவிக்கிறவர் என்றால், எங்கள் ஆட்கள் எல்லோருக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மேற்கே ஓடிய ஆடுகள்

சின்ன வெட்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து வெள்ளைச்சாமி என்ற பெரியவர் வந்தார். ஆடு வளர்க்கிறவர். மேட்டுக் காட்டில் வண்டி திணறுகிறது என்றார். ஏர் ஃபில்டரில் ஒரு படி செம்மண் இருந்தது. அதைத் தட்டிக் கொடுத்திருந்தாலே போதும். எனக்குக் கை நின்றால்தானே? சைலன்சரையும் மாற்றினால் எஞ்சின் நன்றாக மூச்சுவிடும் என்று சொல்லி, பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி ஒன்றை மாட்டிவிட்டேன்.

நாலாம் நாள் வண்டியை உருட்டிக்கொண்டே வந்தார். ரிப்பேரோ என்று கேட்டேன். ஸ்டார்ட் பண்ணத்தான் பயமாக இருக்கிறது என்றார். வரப்பில் வண்டியை முறுக்கியதும் அந்தச் சத்தத்தில் மந்தை மொத்தமும் மேற்கே ஓடிவிட்டதாம். மூன்று பேர் சேர்ந்து பொழுது சாயும்வரை மடக்கியிருக்கிறார்கள். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு உறுத்தியது.

“வண்டி நல்லாத்தான் போவுது தம்பி, ஆடுவதான் திரும்பி வர மாட்டேங்கு.”

எட்டு ஐட்டம்

அதோடு திருந்தியிருக்க வேண்டும். அடுத்த மாதமே அருள்ராஜ் அண்ணாச்சி வந்தார். பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை தவிரக் கடையைச் சாத்தியதில்லை. இப்போது முழுதாக ஒரு மாதம் சாத்திவிட்டு, மனைவி ஜெபமணி மதினியைப் பின்னால் உட்காரவைத்து இமாசலம் வரை பைக்கில் போகப்போகிறார். அதற்கென்றே ஒரு டூரிங் பைக் வாங்கியிருந்தார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இரண்டு பேரையும் மூன்று பெட்டியையும் வைத்துக்கொண்டு வண்டி மலை ஏறுமா?

பக்கத்து லேத் பட்டறை கணேசன், பின் சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூடப் போட்டால் ஏறிவிடும் என்று அங்கேயே சொன்னான். சரியான பதில். ஆனால் அதில் என் பெருமைக்கு என்ன இருக்கிறது? நோட்டை எடுத்து எட்டு ஐட்டம் எழுதினேன். அழுத்தம் கூடிய பிஸ்டன், வேறு கேம் ஷாஃப்ட், கம்ப்யூட்டர் செட்டிங் என்று போய், அந்தப் பிஸ்டன் கிளப்பும் சூட்டைத் தணிக்க ஆயில் கூலர் என்று முடித்தேன். வியாதியையும் நானே கொடுத்து மருந்தையும் நானே எழுதினேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். மதினி பனியை டி.வி.யில் மட்டும்தான் பார்த்திருக்கிறாராம்.

“நமக்கு வேகம் வேண்டாம் தம்பி, அவ பனியைக் கையால ஒருக்க தொட்டாப் போதும்.”

குருவிகுளம் ரோட்டில் சோதனை

வேலை முடிந்ததும் குருவிகுளம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். விடியற்காலைக் குளிர்காற்று, காலியான ரோடு, பின்னால் ஆளில்லை, பெட்டியில்லை. வண்டி பறந்தது. போகும்போது எட்டு ஐட்டமும் சரி, வரும்போது நான் ஒரு மேதை. பட்டறை வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற கணேசனிடம் மலைக்கு இது போதும் என்று பீற்றிக்கொண்டேன். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் பேசினான்.

“ஏவே, மலையேறப் போற வண்டிய ஒத்தையில தட்ட ரோட்டுல ஓட்டிட்டு வாரியே, இது வண்டிக்குச் சோதனையா, ஒனக்குச் சொகமா?”

என் கையால் சந்தனம்

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. நான் மாட்டிய பார்ட்ஸ் ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டுத்தான் வண்டியை வெளியே விடுவேன். பிஸ்டனும் கேமும் எஞ்சினுக்குள் இருப்பவை, கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரிவது ஆயில் கூலர் ஒன்றுதான். எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டி அது. அடுக்கடுக்கான மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று புகுந்து எண்ணெய்ச் சூட்டைக் குறைக்கும். போட்டோவில் நன்றாக விழட்டும் என்று அதன் முகம் முழுக்க மூன்று விரலால் அள்ளி அப்பினேன். மேலே ஒரு செவ்வந்தி மாலையும் கட்டினேன்.

பிறகுதான் அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்ற நினைப்பு வந்தது. தயங்கினேன். உங்கள் கையால் செய்தது, இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி. மதினி பெட்ரோல் டேங்கில் கைவைத்துக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

“ரெண்டு சாமியும் கூட வாராங்க, சரி. நீங்க பிரேக்க மட்டும் இன்னொருக்க பாத்துருங்க தம்பி.”

போனில் வைத்தியம்

சித்திரை வெயிலில் அவர்கள் ஐதராபாத்தைத் தாண்டியதும் முதல் போன் வந்தது. எஞ்சின் சூட்டு விளக்கு எரிகிறதாம். பெட்ரோல் சரியில்லை, வேறு பங்கில் போடுங்கள் என்றேன். மறுநாள் மறுபடியும் எரிந்தது. ஆயிலை மாற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் அண்ணாச்சி, “தம்பி, அந்த முன்னால உள்ள பெட்டிய...” என்று ஆரம்பித்தார். நான் முடிக்கவிடவில்லை. வேகமாகப் போனால்தான் காற்று படும், நல்லா முறுக்குங்கள் என்று பாடம் எடுத்தேன். நாக்பூர் பக்கத்தில் எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்து, வண்டி நின்றது.

அங்கிருந்து வண்டியை ரயில் பார்சலில் ஏற்றிவிட்டு, இரண்டு பேரும் திரும்புவதாக முடிவானது. கடைசியாக மதினி போனில் பேசினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

“பரவால்ல தம்பி, லாட்ஜு ஃப்ரிட்ஜுல கொஞ்சம் ஐஸ் கட்டியிருந்துச்சு. அதத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.”

பிரஷ்ஷும் கையுமாக

வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. முதலில் பார்த்தவன் கணேசன்தான். ஆயில் கூலரை விரலால் தட்டிக் காண்பித்தான். நான் அப்பிய சந்தனம் தகடுகளுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. அதில் செவ்வந்தி இதழ், மாலை நூல், வழியெல்லாம் மோதிய பூச்சி, புழுதி. ஒரு மூச்சுக் காற்று உள்ளே போக இடமில்லை.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அண்ணாச்சி வருவதற்குள் கழுவிவிடலாம் என்று பழைய பல் பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். நாக்பூர் பெட்ரோல்மீது பழியைப் போட வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. பாதி தேய்த்தபோது நிமிர்ந்தால் எதிரே அண்ணாச்சி நிற்கிறார். என் காலடியில் சந்தனத் தண்ணீர் ஓடுகிறது. அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. பிஸ்டனும் தேவையில்லை, கூலரும் தேவையில்லை, கூலரை அடைத்ததும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து அந்தப் பெட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எனக்கு ஓசூர்லயே சந்தேகம் தட்டுச்சு தம்பி. நீங்க சாமியக் கும்புட்டு வச்சது, அத நான் தொடச்சா ஒங்க மனசு நோவும்னு விட்டுட்டேன்.”

இரண்டு பல்

அன்றே எஞ்சினைப் பிரித்து, சூட்டில் அடிபட்டதை மாற்றி, பழைய பிஸ்டனையும் கேமையும் திரும்பப் போட்டேன். கூலரை மட்டும் கழற்றாமல், அதே பல் பிரஷ்ஷால் தகடு தகடாகத் தேய்த்து முடித்தேன். கணேசன் சொன்னபடி பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூட்டினேன். இந்தத் தடவை மூன்று பெட்டியிலும் பெயிண்ட் டப்பாக்களை நிரப்பி, பின்னால் கணேசனை உட்காரவைத்து, உச்சி வெயிலில் செங்கோட்டை மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தேன். முக்காமல் முனகாமல் ஏறியது. வரும் புரட்டாசியில் அவர்கள் மறுபடியும் கிளம்புகிறார்கள்.

வண்டி எடுக்க வந்த அன்று நான் சந்தனக் கிண்ணத்தை வெளியே எடுக்கவே இல்லை. மதினிதான் தேடினார். வழக்கத்தை விட்டுவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவரே உள்ளே போய்க் கிண்ணத்தைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்து, முன் மட்கார்டைக் காட்டினார்.

“இங்கன ஒரு பொட்டு வையுங்க தம்பி, காத்து போற வழிய மட்டும் விட்டுருங்க.”

இத்தனை வருடத் தொழிலில் நான் ஒரு எஞ்சினின் சக்தியை நிஜமாகவே கூட்டியது ஒரே ஒரு தடவைதான், அதுவும் பழைய பல் பிரஷ்ஷால்.