புரோக்கரம்மாவுக்கு ஒரு வீடு

திருத்தணியில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் மணியம்மையைத்தான் பிடிக்க வேண்டும். 'டு-லெட்' போர்டு தொங்குகிற வீட்டுக்கு நீங்களே நேரில் போய்க் கேட்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. வீட்டுக்காரர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேத்துதாங்க பேசி முடிஞ்சிது" என்பார். போர்டைக் கழற்ற மறந்துவிட்டாராம். அடுத்த ஆடிக் கிருத்திகை வரைக்கும் மறந்தபடியே இருப்பார்.

மணியம்மை புரோக்கர் ஆவேன் என்று கனவு கண்டவள் இல்லை. புருஷன் போன பிறகு கழனி வேலை வாய்க்கும் வயிற்றுக்கும் பற்றாமல், கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ் ஏறி வந்து, காலியான வீடுகளைக் கழுவித் துடைக்கிற வேலை செய்தாள். சாவி அவள் கையில் இருந்தது. எந்த வீடு காலி என்பது வீட்டுக்காரரின் சொந்தத் தம்பிக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிந்தது. அப்படியே தொழில் கூடிவந்தது.

ஆனால் சாவி மட்டும் இருந்தால் புரோக்கர் ஆகிவிட முடியாது. நம் ஊர் வீட்டுக்காரர்கள் நாகரிகமானவர்கள். சாதி கேட்பது அவர்களுக்குப் பிடிக்காது. தெரிந்துகொள்வது மட்டும்தான் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் மணியம்மையின் பிழைப்பு ஓடியது. வீடு கேட்டு வருகிறவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்பாள். சொந்த ஊர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் என்பார் அவர். "ஆடி மாசம் உங்களுக்கு எந்தக் கோயில்லங்க கூழ் ஊத்தறாங்க?" என்பாள் இவள், பக்தி சொட்ட. ஊருக்குள் இருக்கிற அம்மனா, ஏரிக்கு அந்தாண்டை காலனியில் இருக்கிற அம்மனா என்பதில் எல்லாம் அடங்கிவிடும். ஏரிக்கு அந்தாண்டை என்றால், "அந்த வீட்டுல தண்ணி ரொம்பக் கஷ்டங்க, உங்களுக்குச் சரிப்படாது" என்று அக்கறையோடு திருப்பி அனுப்பிவிடுவாள். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். யாரும் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. எல்லாருக்கும் மரியாதை மிச்சம்.

மணியம்மையே ஏரிக்கு அந்தாண்டைதான். அது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் அவளை நம்பினார்கள். தன் ஆட்களை இவளைவிடச் சரியாக யார் அடையாளம் கண்டுபிடிப்பார்கள்? அவளுக்கும் இது தப்பாகப் படவில்லை. மூஞ்சியில் அடித்த மாதிரி வீட்டுக்காரன் சொல்வதற்குப் பதில் தண்ணீர்மேல் பழியைப் போட்டால் நல்லதுதானே என்று நினைத்தாள்.

அப்படி நிம்மதியாக இருந்தவளுக்கு மகளால் சங்கடம் வந்தது. நிர்மலா நர்ஸுக்குப் படித்து, திருத்தணியிலேயே ஆஸ்பத்திரி வேலையும் வாங்கிவிட்டாள். மாலை டூட்டி முடியும்போது கண்டிகைக்கு பஸ் இருக்காது. ஷேர் ஆட்டோக்காரன் ஆள் சேர்ந்தால்தான் எடுப்பான். ராத்திரி டூட்டி முடித்து வந்தால் தூக்கமெல்லாம் பஸ்ஸிலேயே போய்விடும். "ஊருக்கெல்லாம் வீடு பார்த்துத் தர்றியே, நமக்கு ஒண்ணு பாரும்மா" என்றாள் நிர்மலா. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! திருத்தணியில் எந்த வீடு காலி என்று மணியம்மைக்குத் தெரியும். அதில் ஒன்றுகூடத் தனக்கு இல்லை என்பதும் அவளுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தண்ணீர் கஷ்டம் என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தணிகைமணி கூப்பிட்டனுப்பினார். தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அனைத்துச் சமய நேய மன்றத்தின் செயலாளர். மன்றத்தில் ஒரு பாதிரியார், ஒரு இமாம், ஒரு புத்த பிக்கு, சைவம் பேசுகிற அறிஞர்கள் என்று எல்லாரும் உண்டு. இனவெறிக்கு எதிராக எழுதுவதும் பேசுவதும் மன்றத்தின் வேலை. அமெரிக்காவில் எந்த ஊரில் எந்தக் கறுப்பரை எந்தப் போலீஸ்காரன் அடித்தான் என்பது தணிகைமணிக்கு விரல்நுனியில் இருந்தது. கண்டிகைக் காலனிப் பக்கம் மட்டும் அவருக்குப் போகிற வேலை வாய்க்கவில்லை.

"அமெரிக்காவுலேர்ந்து ஒரு அம்மையார் வர்றாங்க. கறுப்பின மக்களோட போதகர், பேராசிரியர். மாநாடு வரைக்கும் இங்க தங்கி எழுதப்போறாங்க. நல்ல வீடாப் பாரும்மா" என்றார்.

மணியம்மை முதலில் கஜபதியிடம் போனாள். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டி, திருத்தணியில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். அமெரிக்கா என்றதும் வாயெல்லாம் பல்லானவர், லொரெட்டா என்ற அந்த அம்மையாரின் போட்டோவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னா மணியம்மா, கறுப்பா இருக்கறாங்க?"

"நீங்க மட்டும் இன்னா செவப்பா நைனா?"

"அதுக்கில்ல. அக்கம்பக்கத்துல எதுனா சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கு ஒன்றுமில்லை என்று ஆரம்பிக்கிற வீட்டுக்காரரிடம் அதற்குமேல் நிற்பது வீண் என்று மணியம்மைக்குத் தெரியும். இன்னும் சில வாசல்கள் ஏறி இறங்கினாள். எல்லாருக்கும் ஒரே குழப்பம். இந்த அம்மாளிடம் எந்தக் கோயிலில் கூழ் என்று கேட்க வழியில்லை. கடைசியில் தணிகைமணியே தன் வீட்டு மாடி போர்ஷனை லொரெட்டாவுக்குக் கொடுத்தார். விஷயம் பேப்பரில் போட்டோவோடு வந்தது.

லொரெட்டா நல்ல மாதிரி. படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுவாள், இறங்கும்போது சிரிப்பாள். மாடியைப் பெருக்க வந்த மணியம்மைக்கு அவளே டீ போட்டுக் கொடுத்து எதிரில் உட்காரச் சொன்னாள். மாநாடு முடிந்ததும் அவள் கிளம்பிவிடுவாள், மாடி காலியாகிவிடும். ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். மணியம்மை நாளெல்லாம் யோசித்து, மென்று முழுங்கி, தணிகைமணியிடம் கேட்டேவிட்டாள்.

அவர் முகம் வாடிப்போனது. மனுஷர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. என்னோட கொள்கை உனக்கே தெரியும். வீட்லதான் ஒத்துக்க மாட்டாங்க. பழைய காலத்து மனுஷி."

மணியம்மை சரிங்க என்று திரும்பிவிட்டாள். அவள் பார்த்த எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒத்துக்கொள்ளாத ஒருவர் வீட்டுக்குள் இருந்தார். பெண்டாட்டி, அம்மா, ஊரிலிருக்கிற மாமனார். அவர்களில் ஒருவர்கூட அவளிடம் நேரில் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மாநாடு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெளியூர் விருந்தாளிகளுக்கு அறைகள் பிடித்துக் கொடுத்தவள் என்பதால் மணியம்மை சாவிக்கொத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். லொரெட்டா ஆங்கிலத்தில் பேச, தணிகைமணி தமிழில் சொன்னார். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் குடும்பத்துக்கு வீடு கிடைக்கவில்லையாம். போனில் கேட்டால் காலி என்பார்களாம், நேரில் போய் நின்றால் போய்விட்டது என்பார்களாம். மண்டபம் முழுக்க உச்சுக் கொட்டியது. கஜபதியும் கொட்டினார். அவர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

கேள்விகள் கேட்கலாம் என்றபோது மணியம்மை எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அங்க புரோக்கருங்க இருந்தாங்களானு கேளுங்க சார்."

இருந்தார்கள் என்றாள் லொரெட்டா. "ரொம்ப அன்பாப் பேசுவாங்க. அந்த வீடு உங்களுக்குச் சரிப்படாதுன்னு சொல்லி எங்களை எங்க தெருவுக்கே திருப்பி அனுப்புவாங்க. அதுல ஒருத்தர் எங்க நிறம்தான். எங்க அம்மா கடைசி வரைக்கும் அவரை மட்டும் மன்னிக்கல" என்று தணிகைமணி மொழிபெயர்த்தார்.

மணியம்மை உட்கார்ந்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கைக்குழந்தையோடு வந்த ஒரு வாத்தியார், தண்ணீர் கஷ்டமானாலும் பரவாயில்லை என்று கெஞ்சியது ஞாபகம் வந்தது. அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தபோது மேடையில் அவள் பெயரைச் சொன்னார்கள். அறை பிடித்துக் கொடுத்த சேவைக்குப் பொன்னாடை. ஒரு வார்த்தை பேச வேண்டுமாம்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்றாள் மைக்கில். "வீடு புடிச்சிக் குடுக்கத்தான் தெரியும். இந்த ஊர்ல யாருக்கு எந்த வீடு, யாருக்கு இல்லன்னு நாந்தான் பிரிச்சிவுட்டுகினு இருந்தேன். யாரும் அப்பிடிச் செய்யின்னு சொல்லல. சொல்லாமயே புரிஞ்சிக்கினேன். இப்ப எனக்கே வீடு வோணும். எம்பொண்ணு நர்ஸு. நாங்க கண்டிகைக் காலனி, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன். இங்க உக்காந்துகினு இருக்கறவங்கள்ல நெறைய பேருக்கு வீடு காலியா இருக்குது, சாவி எங்கிட்டதான் இருக்குது. யாருனா ஒருத்தரு குடுங்க. ஒரு வீடு நாளைக்குக் காலியாவுது. ஓனரு தங்கமானவரு, வீட்டம்மாதான் ஒத்துக்க மாட்டாங்களாம். அந்தம்மா இங்க இருந்தா அவங்களையுந்தான் கேக்கறேன்."

முதலில் பிக்கு கை தட்டினார். பாதிரியார் தட்டினார், இமாம் தட்டினார், எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். இவ்வளவு உருக்கமான பேச்சை அந்த மண்டபம் கேட்டதில்லை. என்ன சொன்னாள் என்று லொரெட்டா தணிகைமணியைக் கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் நன்றி சொல்கிறாள் என்றார். லொரெட்டா இன்னும் பலமாகத் தட்டினாள். வீடு மறுப்பதைக் கண்டித்து அங்கேயே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வீடு யாரும் கொடுக்கவில்லை. சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள்.

பந்தியில் மணியம்மைக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தது தணிகைமணியின் மனைவி பிரேமா. மாடிக்குப் போகிற வழியில் பார்த்துத் தலையாட்டியதைத் தவிர இருவரும் பேசியது கிடையாது.

"எங்க ஊட்டத்தானே சொன்ன?"

"ஆங்."

"நான் ஒத்துக்க மாட்டேன்னு யாரு சொன்னது?"

"சாருதாங்க."

பிரேமா அப்பளத்தை நொறுக்கினாள். "எல்லாத்துக்கும் இதேதான். சீட்டு கட்ட மாட்டாரு, வீட்ல வேணான்றாங்கம்பாரு. தங்கச்சி ஊட்டு விசேஷத்துக்குப் போவ மாட்டாரு, வீட்ல உடலம்பாரு. நான் வேணான்னு சொன்னது எனக்கே அப்பறமாத்தான் தெரிய வரும்." ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "கேட்டிருந்தா வேணான்னுதான் சொல்லியிருப்பேன். பொய் சொல்லக் கூடாது. ஆனா அத்த சொல்றதுக்கு நான் உசுரோடதானே இருக்கறேன்?"

"இப்ப நான் கேக்கறேங்க. குடுப்பீங்களா?"

மணியம்மை இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரிடமும் கேட்டதில்லை. பிரேமா பாயசத்தைப் பார்த்தபடியே இருந்தாள். யாரோ வந்து அதன்மேல் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்கள்.

"பொண்ணுக்கு எந்த வார்டு?"

"பிரசவ வார்டுங்க."

"மோட்டாரு காலையில ஒரு தடவதான் போடுவேன்."

"ரெண்டு தடவ போடுங்க. ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து குளிக்கணும் இல்ல?"

பிரேமா அவளை முறைத்தாள். பிறகு, "சரி, வந்து சேருங்க" என்று பாயசத்தில் கை வைத்தாள்.

அம்மாவும் மகளும் குடிவந்தார்கள். தணிகைமணிக்குப் பெரிய பாரம் இறங்கியது. அது தன் முடிவுதான் என்று இரண்டொரு நாளில் அவரே நம்பிவிட்டார். 'சமத்துவம் என் வீட்டு மாடியிலிருந்து' என்று கட்டுரை எழுதினார். படித்தவர்கள் பார்க்க வந்தார்கள். சமயத் தலைவர்கள் வந்தார்கள், ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். ராத்திரியெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டு வந்து கண்ணயர்ந்த நிர்மலா, நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து அவர்களோடு போட்டோவுக்கு நின்றாள். ஒரு போட்டோவிலும் அவள் கண் முழுசாகத் திறந்திருக்காது.

"அம்மா, வேற வீடு பாரும்மா" என்றாள் ஒருநாள். "கண்டிகையிலனா தூக்கம் பஸ்ஸுலயாவது வந்துச்சி."

மணியம்மைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு குழு வந்தது. அங்கி போட்டவர்கள், தொப்பி போட்டவர்கள், தாடி வைத்த பேராசிரியர்கள். மணியம்மை காய்கறிப் பையோடு உள்ளே நுழையும்போது, தணிகைமணி அவர்களை மாடிப்படிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். படியின் கீழே பிரேமா ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குடிவந்த நாளிலிருந்து அவள் மேலே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தவள் இல்லை. அது மணியம்மையின் மனசில் முள்ளாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் நகரு. இவங்க பொண்ணப் பாக்கணும்னு வந்திருக்காங்க" என்றார் தணிகைமணி.

"பொண்ணு தூங்குது. யாரும் மேல போகக் கூடாது."

"ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க."

"வரட்டுமே. ராத்திரி பூரா நின்னுட்டு வந்த பொண்ணு. உக்காரச் சொல்லுங்க, காப்பி தரேன்."

தணிகைமணி விருந்தாளிகளைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மணியம்மை பையை வைத்துவிட்டுக் காப்பி கலக்க உள்ளே போனாள். மாடியில் தூங்குகிறவள் எழுந்துவிடக் கூடாதே என்று அன்றைக்கு இனச் சமத்துவத்தைப் பற்றி எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.