காகிதப் புற்று

ராமாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மைசூரில் ஓர் ஏரிக்கரையில் நிற்கிறேன். என் மகள் செல்வி நாகலோக நாடகத்துக்குக் காட்சி அமைக்கிறாள். மேடை கிடையாது, ஆலமரத்தடியிலேயே ஆடுகிறார்கள். மூங்கில், சாக்கு, காகிதக்கூழ் வைத்து ஆளுயரப் புற்று கட்டியிருக்கிறாள். சாயங்காலம் நாகராஜா அதிலிருந்துதான் எழ வேண்டும்.

இப்போது புற்றின்மேல் மஞ்சளும் குங்குமமும். அவற்றைப் பூசிவிட்டுத் தெருமுனைப் பூக்காரம்மா பாலும் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பால் பட்ட இடத்தில் காகிதம் ஊறிக் கிழிந்து தொங்குகிறது. சாமி காரியத்தைத் தடுக்கப் பயந்து செல்வி கையைப் பிசைகிறாள். புது மனுஷர்களிடம் பேசக் கூசுகிற நான், கிட்டே போகிறேன்.

"இது காயிதம்மா. பாலூத்துனா கரஞ்சிரும்."

கன்னடம் கலந்த தமிழில் சொல்கிறாள்: "தெரியுங்க்கா. இவங்க ஒட்டறப்ப நானும்தான் பாத்தேன். நாகப்பா வர்ற எடமல்லவா?"

"பாலைக் கீழ வெச்சா ஆகாதா?"

சற்று யோசித்துச் சொம்பைப் புற்றடியில் வைக்கிறாள். "ஆய்த்துக்கா. வந்து அவரே குடிச்சுக்கட்டும்."

செல்வி முன்னால் வருகிறாள். கிழிந்த இடத்தில் புதுக் காகிதம் ஒட்டுகிறாள். அது மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. சாயடப்பாவைத் திறக்கப் போனவள், நின்று பூக்காரம்மாவிடம் கை நீட்டுகிறாள்.

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருக்காம்மா?"