நான் இல்லாத ஒத்திகை

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். ஒரு ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து நாலு நாள் மிஷின் நின்றுபோனது. அதற்கப்புறம் எங்கள் மேனேஜர் ஒரு திட்டம் போட்டார். தீப்பிடித்தால் என்ன செய்வது, வெள்ளம் வந்தால் என்ன செய்வது, மோட்டார் எரிந்தால் என்ன செய்வது என்று எழுதி, ஒவ்வொன்றையும் ஒத்திகை பார்ப்பது. ஸ்டோரில் எது எங்கே இருக்கிறதென்று லிஸ்ட் எழுதித் தரச் சொல்லி என்னை ஆறு மாதமாகக் கேட்டார். நானும் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தேன். எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்னை யார் தேடுவார்கள்?

மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டு, "நாளைக்கு மெயின் மோட்டார் எரிஞ்சி போச்சுன்னு வச்சுக்குவோம். நீங்களும் இல்லைன்னு வச்சுக்குவோம். வீட்லயே இருங்க. யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது" என்றார்.

எளாவூர் வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி கொதித்துப் போனாள். "இல்லைன்னு வச்சுக்கணுமா? இன்னா பேச்சு இது! அந்தாளு வாயில வசம்ப வச்சித் தேய்க்கணும்" என்று எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

மறுநாள், வேலை நாளில் பனியனோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. அவர்கள் நன்றாகத் திண்டாட வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். கேவலமான வேண்டுதல்தான், மறைப்பானேன்.

பதினோரு மணிக்கு ஃபிட்டர் சைக்கிளில் வேர்த்து வழிந்தபடி வந்தார். "அண்ணே, ஸ்பேர் மோட்டார ஏத்திட்டோம். பெல்ட்டத்தான் காணோம். ஸ்டோரையே பொரட்டிப் போட்டுட்டோம்." நான் வாயைத் திறக்கவில்லை. நான் இல்லாமல் ஆகாது என்று உள்ளே ஒரே குளிர்ச்சி.

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. "கிரீஸ் டப்பாங்களுக்குப் பின்னால பச்ச டிரம்மு இருக்கும் பாருங்க. எலி கடிக்குதுன்னு தை மாசமே அதுல போட்டு மூடிட்டாரு."

ஃபிட்டர் பறந்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கெப்படித் தெரியும்?"

"டெய்லி சோத்துல கை வச்சிக்கினு நீங்கதானே சொல்றீங்க?"

பதினைந்து வருஷமாக நான் பேசப் பேச, 'உம்' கொட்டிக்கொண்டே குழம்பு ஊற்றுவாள். காதில் போட்டுக்கொள்கிறாள் என்று நான் நினைத்ததே இல்லை. பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. இருந்தாலும், "நான் இல்லாமலே நடக்கும்னு ஆயிட்டா என் வேலை இன்னா ஆவுறது?" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள். "அந்த மழையில, நீங்க வந்தாத்தான் ஆவும்னு ஆள் அனுப்ச்சாங்கன்னு, ஜுரத்தோட இடுப்பளவு தண்ணியில பூட்டீங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்க உசுரக் கையில புடிச்சிக்கினு இருந்தேன். இனிமேலாவது ஜுரம் வந்தா ஊட்ல படுங்க."

அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கி வந்து, எது எங்கே என்று எழுத உட்கார்ந்தேன். நான் மறந்ததையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.